24 வீட்டுக் குப்பையும் ஒரு கூண்டுச் சருகும்

புதுச்சேரி லாஸ்பேட்டையில் இருக்கிறது எங்கள் அபார்ட்மெண்ட். நாலு மாடி, 24 வீடு. பின்பக்கம் மோட்டார் அறையைத் தாண்டி மதிலோரமாக ஒரு நீளத் துண்டு நிலம் சும்மா கிடந்தது. அங்கே இப்போது மூன்று உரத்தொட்டிகள் இருக்கின்றன. தேங்காய் ஓடு, இளநீர்க் கூடு தவிர, எங்கள் 24 வீட்டுச் சமையலறைக் கழிவும் அந்த மதிலைத் தாண்டி வெளியே போவதில்லை. எப்படிச் செய்தோம், எங்கே சிக்கல் வந்தது, எதில் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது என்பதையெல்லாம் கேட்கிறவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உரம் போடலாம் என்று கிளம்புகிற எல்லோரும் ஈரக் குப்பையைப் பற்றித்தான் யோசிக்கிறார்கள். அதைப் பற்றிக் கவலையே வேண்டாம், அது தினமும் காலையில் தானாக வந்து நிற்கும். கவலைப்பட வேண்டியது சருகைப் பற்றி. கையில் சருகு இருந்தால் எந்தச் சிக்கலையும் சரிசெய்துவிடலாம். அது தீர்ந்த வாரத்தில் நாற்றம் வரும், புழு வரும், அசோசியேஷன் கூட்டத்தில் சண்டை வரும், தொட்டியை மூடச் சொல்வார்கள்.

காரணம் எளிது. காய்கறித் தோல், மிச்சச் சோறு, மீன் கழிவு எல்லாவற்றிலும் தண்ணீரும் நைட்ரஜனும் அதிகம். அதை மக்க வைக்கும் நுண்ணுயிர்களுக்கு ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 25 முதல் 30 பங்கு கார்பன் வேண்டும். காய்கறிக் கழிவில் அது 15, 20 அளவில்தான் இருக்கும். சருகில் 50-ஐத் தாண்டும். மரத்தூளில் 200-க்கு மேலே போகும். இரண்டையும் கலந்தால்தான் கணக்கு நேராகும். நடைமுறையில் ஒரு பக்கெட் ஈரக் குப்பைக்கு ஒன்றரை பக்கெட் சருகு. சருகு இன்னொரு வேலையும் செய்கிறது. குவியலுக்குள் இடுக்கு இடுக்காகக் காற்று நிற்பது அதனால்தான். காற்று இல்லாத குவியல் அழுகும்.

அதனால் நாங்கள் கட்டிய முதல் பொருள் தொட்டி இல்லை, சருகுக் கூண்டு. 2024 மாசி மாதம் வெல்டு மெஷ் கம்பி வலையை ஆறடி உயரத்துக்கு வளைத்து நிறுத்தி, மேலே பழைய ஃபிளக்ஸ் பேனரைப் போட்டுக் கட்டினோம். மாசி, பங்குனியில்தான் எங்கள் தெருவே சருகாகக் கொட்டும். முன்பெல்லாம் குவித்து ஓரமாகக் கொளுத்திவிடுவார்கள், அந்தப் புகையில் மூன்றாம் மாடிப் பாட்டிக்கு இழுப்பு வந்துவிடும். தெரு பெருக்குகிறவர்களிடம் சாக்கைக் கொடுத்து, "கொளுத்தாம கட்டி கேட்டுகிட்ட வச்சிடுங்க" என்று கேட்டுக்கொண்டோம். வைத்துவிட்டுப் போனார்கள். இரண்டு மாதத்தில் கூண்டு நிரம்பியது.

எல்லாச் சருகும் ஒன்றில்லை. தூங்குமூஞ்சி மரத்துச் சருகு தங்கம். இலை சின்னது, ஒன்றோடொன்று ஒட்டாது, சீக்கிரம் மக்கும். வேப்பஞ்சருகும் நல்லதுதான். நாட்டு வாதாம் இலைதான் தொல்லை. கையகலத்துக்குத் தோல் மாதிரி இருக்கும், நனைந்தால் ஒன்றன்மேல் ஒன்று படிந்து தகடாகிவிடும், நடுவே காற்றுப் போகாது. அதைக் காயவிட்டு கேட்டுக்கு உள்ளே தரையில் பரப்பிவிடுகிறோம். காலையிலும் மாலையிலும் வண்டிகள் ஏறி இறங்கினால் நொறுங்கிவிடுகிறது. கடற்கரைப் பக்கத்துச் சவுக்குச் சருகு மக்குவதற்கு மாதக் கணக்காகும். ஆனால் சவுக்கு மிலாறு தொட்டியின் அடியில் ஒரு முழ உயரத்துக்குப் பரப்ப மிக நன்றாக இருக்கிறது. மேலே எவ்வளவு பாரம் ஏறினாலும் நசுங்காமல் அடியிலிருந்து காற்றை விடுகிறது.

மரத்தூள் வாங்குவதாக இருந்தால் மரம் அறுக்கும் சா மில்லில் வாங்குங்கள். பிளைவுட், எம்.டி.எஃப். வேலை நடக்கும் பட்டறைத் தூள் வேண்டவே வேண்டாம், அதில் பசை இருக்கிறது.

கூண்டு நிரம்பிய பிறகுதான் அசோசியேஷனில் தொட்டிப் பேச்சை எடுத்தோம். 2016-இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள் ஒரு நாளைக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை போடும் இடங்களைப் பெருங்கழிவு இடங்கள் என்றன. எங்கள் ஈரக் குப்பை நாளொன்றுக்கு 12, 13 கிலோதான். ஆகவே சட்டம் கட்டாயப்படுத்துகிறது என்று சொல்லிக் காரியம் சாதிக்க வழியில்லை. "வண்டிதான் வந்து எடுத்துட்டுப் போகுதே தம்பி, நமக்கு எதுக்கு?" என்று முதல் மாடி சொல்தா தாத்தா கேட்டார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், எதையும் நேராகக் கேட்பார். வண்டி எடுத்துப் போவது எங்கே என்று சொன்னேன். குரும்பாபேட்டைக் கிடங்கில் சோறும் பிளாஸ்டிக்கும் ஒன்றாகக் குவிந்தால், காற்றில்லாமல் அழுகி மீத்தேன் கிளம்பும், தீப்பிடிக்கும், அடியில் கசிவது நிலத்தில் இறங்கும். அந்தப் பக்கத்திலும் நம்மைப் போல மனுஷர்கள்தான் குடியிருக்கிறார்கள். தாத்தா மறுபேச்சுப் பேசவில்லை. பிறகு தொட்டி வேலைக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து மேற்பார்வை பார்த்ததும் அவர்தான்.

இன்னொரு யோசனை மின்சார மெஷின். குப்பையைக் கொட்டினால் 24 மணி நேரத்தில் உரம் என்று சொல்லி விற்கிறார்கள், விலை லட்சக் கணக்கில். அந்த வகையில் பலவும் சூடேற்றிக் கழிவை உலர்த்தி அரைத்துத் தருபவை. வெளியே வரும் தூள் பார்க்க உரம் போலவே இருக்கும். ஆனால் அது மக்கவில்லை. தண்ணீர் பட்டதும் திரும்ப அழுக ஆரம்பிக்கும், செடிக்கு நேராகப் போட்டால் வேர் வெந்துவிடும். மக்குவதற்கு நாள் பிடிக்கும், அதைக் குறுக்க முடியாது. அந்தக் காசில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாமல் தொட்டி கட்டலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டினோம். மூன்று தொட்டி, கூரை, வலை, கருவி எல்லாம் சேர்த்து 45,000 ரூபாய்க்குள் முடிந்தது. வீட்டுக்கு 2,000 ரூபாய்கூட வரவில்லை.

தொட்டி ஒவ்வொன்றும் உள்ளளவில் நாலடிக்கு நாலடி, உயரம் நாலடி. குறைந்தது ஒரு கன மீட்டராவது இல்லாவிட்டால் குவியலுக்குள் சூடு நிற்காது, அதனால் இதைவிடச் சின்னதாகக் கட்டாதீர்கள். தரையை ஓரடி உயர்த்திக் கொத்தனாரை மேடை போடச் சொன்னோம். மேடைக்கு ஒரு பக்கமாகச் சரிவு, சரிவின் முனையில் ஒரு சின்னக் குழாய், குழாய்க்கு அடியில் ஒரு பக்கெட். சுவர் மூன்று பக்கமும் செங்கல், இடையிடையே காற்றுப் போக ஜாலி ஓட்டை விட்டது. நாலாவது பக்கம் சுவரில்லை. இரண்டு ஓரத்திலும் இரும்புச் சேனல் பதித்து, அதில் பலகையைச் செருகும்படி வைத்தோம். குவியல் ஏற ஏறப் பலகையைச் செருகிக்கொண்டே போகலாம், கிளறும்போது ஒவ்வொன்றாக உருவிவிடலாம். நாலடிச் சுவருக்கு மேலே குனிந்து கிளறச் சொன்னால் எவ்வளவு நாளைக்கு ஒருவரால் முடியும்? பலகைக்குப் பழைய வீடு இடித்த மரக்கடையில் பனஞ்சட்டம் கிடைத்தது. வைரம் பாய்ந்த பனை ஈரத்துக்கு அசையாது. சாதாரணப் பலகை இரண்டு மழைக்காலத்தில் அதுவே உரமாகிவிடும்.

ஜாலி ஓட்டைகளுக்கு உள்பக்கமாக அரை அங்குல வெல்டு மெஷ் அடித்தாக வேண்டும். புதுச்சேரியில் பெருச்சாளி இல்லாத தெருவில்லை. கோழி வலையெல்லாம் அதற்கு ஒரு பொருட்டே கிடையாது.

வீடுகளில் பிரிக்கிற விஷயத்தில் ஒரே ஒரு விதி போட்டோம். குப்பை எடுக்க வருகிற அக்கா கலந்த வாளியை வாங்க மாட்டார். திருப்பி வாசலிலேயே வைத்துவிட்டுப் போவார், அதற்கு யாரும் அவரிடம் முகம் சுளிக்கக் கூடாது. முதல் வாரத்தில் வாளி திரும்பிய வீடுகளில் ஒன்று செக்ரட்டரி வீடு. அவர் எதுவும் சொல்லாமல் பிரித்துக் கொடுத்தார், அதைப் பார்த்து மற்றவர்களும் அடங்கிவிட்டார்கள். நாப்கின், டயப்பர் எல்லாம் தாளில் சுற்றித் தனி உறையில். இதில் நான் கொஞ்சமும் இறங்கிவர மாட்டேன். நம் வீட்டு நாப்கினையும் உடைந்த பாட்டிலையும் சோற்றிலிருந்து ஒரு பெண் தன் கையால் பிரித்தெடுத்துத்தான் உரம் ஆக வேண்டும் என்றால், அந்த உரம் எனக்கு வேண்டாம். அக்காவுக்குத் தொட்டி வேலைக்கென்று தனிச் சம்பளம், பூட்ஸ், கையுறை, நீளக் கைப்பிடி போட்ட முள்வாரி. இந்தச் செலவை மிச்சம் பிடிக்க நினைத்தால் தொடங்காமலே இருக்கலாம்.

தினசரி வேலை அரை மணி நேரம்தான். வாளிகளைக் கொட்டுவது, முள்வாரியால் பரப்புவது, வாழை இலையோ கீரைத் தண்டோ நீளமாக வந்தால் வெட்டுவது, சருகைக் கொட்டிக் கலப்பது, கடைசியில் ஈரக் குப்பை ஒரு துளிகூடக் கண்ணில் படாதபடி மேலே சருகால் மூடுவது. மூடல் சரியாக இருந்தால் ஈ வராது. சோறு கட்டி கட்டியாக விழும், அதை உதிர்த்தே ஆக வேண்டும். மீன் கழிவும் இறால் தோலும் நடுக்குழியில், மேலே இரண்டு பங்கு மரத்தூளோடு. கடற்கரை ஊரில் மீன் கழிவு சேர்க்காதே என்று சொன்னால் யார் கேட்பார்கள்? குவியல் சூடாக இருந்தால் எடுத்துக்கொள்கிறது. தொடக்கத்துக்கு மட்டும் சாணிக் கரைசலும் புளித்த மோரும் தெளித்தோம். அடுத்த தொட்டிக்கு, பாதி மக்கிய பழையதில் இரண்டு கூடை போதும்.

ஈரப் பதத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்தது அக்காதான். "புட்டு மாவு பதம் சார். கையில பிடிச்சா நிக்கணும், தட்டினா உதிரணும். தண்ணி சொட்டுச்சுன்னா சருகு போடணும்." ஈர அளவு 50 முதல் 60 சதவீதம் என்று படித்ததை அவர் உள்ளங்கையில் வைத்துக் காட்டிவிட்டார்.

முதல் தொட்டியைப் புரட்டிய நாளைச் சொல்லியே ஆக வேண்டும். பனஞ்சட்டத்தை மேலிருந்து மூன்று உருவியதும் உள்ளேயிருந்து ஆவி கிளம்பியது. வெயிலில் கூடத் தெரிகிற ஆவி. நீளக் காம்பு வெப்பமானியைச் செருகினால் முள் 60 டிகிரியைத் தாண்டி நின்றது. 55 டிகிரிக்கு மேல் சில நாள் நின்றாலே நோய்க்கிருமியும் களை விதையும் பெரும்பாலும் செத்துவிடும். உடைத்த கட்டிகளுக்குள் சாம்பல் பூத்தது போல வெள்ளையாக இழை இழையாக ஒன்று படர்ந்திருந்தது. பூஞ்சக்காளான் என்று பயந்தார்கள். அது ஆக்டினோமைசீட்ஸ், நார்ப்பொருளை உடைக்கிற நல்ல உயிர். மழை பெய்த மண்ணுக்கு வரும் அந்த வாசனையைத் தருவதும் அந்தக் கூட்டம்தான். பரங்கித் தோல், முருங்கைக்காய்ச் சக்கை எதுவும் அடையாளம் தெரியவில்லை. எலுமிச்சைத் தோல் மட்டும் கறுத்துப் போய் அப்படியே இருந்தது. வெளியோரத்தில் இருந்தது உள்ளே போகும்படி பக்கத்துத் தொட்டிக்கு மாற்றினோம். சருகும் கழிவும் அடுக்கி, அவ்வப்போது புரட்டிக் காற்றுக் கொடுக்கும் இந்த வழியை ஆல்பர்ட் ஹோவர்ட் 1924 முதல் 1931 வரை இந்தூரில் இருந்தபோது ஒழுங்குபடுத்தினார். அதனால்தான் இன்றும் இந்தூர் முறை என்கிறார்கள்.

மூக்குதான் இதில் முக்கியமான கருவி. மூத்திர வாடை வந்தால் அம்மோனியா, நைட்ரஜன் மிஞ்சிவிட்டது, மரத்தூளைச் சேர்க்க வேண்டும். அழுகின முட்டை வாடை வந்தால் காற்று இல்லை, புரட்ட வேண்டும். இரண்டாம் மாடியில் ஒரு வளைகாப்பு முடிந்த வாரம் எலும்பும் பிரியாணியும் தயிர்ப்பச்சடியும் அண்டாக் கணக்கில் வந்து சேர, பின்பக்கம் முழுக்க மூத்திர வாடை. மரத்தூளை ஒரு சாக்கு கலந்து புரட்டியதில் மறுநாளே அடங்கியது.

புழு பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். இரண்டு வகையைப் பிரித்துத் தெரிந்துகொள்ளுங்கள். தட்டையாக, பழுப்பு நிறத்தில், வரிவரியாக மேலே நெளிவது கருப்புச் சிப்பாய் ஈயின் புழு. அது நண்பன். கழிவை வேகமாகத் தின்னும், வீட்டு ஈயை அண்டவிடாது. வளர்ந்த ஈ கடிக்காது, சாப்பாட்டில் வந்து உட்காராது. கூட்டுப்புழுவாகும் நேரத்தில் உலர்ந்த இடம் தேடித் தொட்டியை விட்டு வெளியே ஊரும், அப்போதுதான் வீடுகளில் அலறல். மைனாக்களும் செம்போத்தும் அதிகாலையிலேயே வந்து பொறுக்கிக்கொள்கின்றன. மற்றது விரல் கனத்தில், வெள்ளையாக, பழுப்புத் தலையோடு, வளைந்து சுருண்டு கிடப்பது. அது காண்டாமிருக வண்டின் புழுவாக இருக்கக்கூடும். மாட்டெரு, மக்கு எங்கே ஆறிக் கிடக்கிறதோ அங்கே முட்டையிடும். வண்டானதும் தென்னங்குருத்தைத் துளைக்கும், விரிகிற மட்டை கத்தரியால் வெட்டினது போல முக்கோணம் முக்கோணமாக வரும். எங்கள் மதிலுக்கு அந்தப் பக்கம் ஆறு தென்னை. உரம் போடுகிறேன் என்று பக்கத்து வீட்டுத் தென்னையைக் கெடுக்கக் கூடாது. சூடான தொட்டியில் இந்தப் புழு பிழைக்காது, ஆறப்போட்ட கடைசித் தொட்டிதான் அதற்கு இடம். அதற்கு மேலே கொசுவலை கட்டிவிட்டோம், புரட்டும்போது கண்ணில் பட்டதைப் பொறுக்கிவிடுகிறோம். தென்னை வைத்திருப்பவர்கள் எருக்குழியில் மெட்டாரைசியம் என்ற பச்சைப் பூஞ்சாணத்தைக் கலப்பதும் இதற்காகத்தான்.

ஐப்பசிக்கு முன்பாகவே கூண்டுச் சருகில் ஒரு பகுதியைச் சாக்குகளில் அடைத்து மோட்டார் அறைப் பரணில் ஏற்றிவிட்டோம். அது எவ்வளவு பெரிய உதவி என்பது ஃபெஞ்சல் புயலில் தெரிந்தது. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை கடந்தது, கடந்த பின்னும் நகராமல் நின்று கொட்டியது. ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. வண்டி நிறுத்தும் இடத்தில் முழங்காலுக்குத் தண்ணீர். ஓரடி மேடையையும் தொட்டு, அடியில் பரப்பிய மிலாறு வரை ஏறியது. மிலாறுக்கு மேலே தண்ணீர் போகவில்லை. தகரக் கூரையைக் கம்பி போட்டுக் கட்டியிருந்ததால் காற்றுக்கு நின்றது.

அடி வந்தது வேறு பக்கத்திலிருந்து. கரண்ட் இல்லை, 24 வீட்டு ஃபிரிட்ஜும் கெட்டுப்போனது. தண்ணீர் வடிந்த காலையில் வந்த வாளிகளை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். புளித்துப் பொங்கிய இட்லி மாவு, வாரத்துக்கு வாங்கி வைத்த மீன், கோழி, பால், தயிர், அரைத்த தேங்காய். குப்பை வண்டி எப்போது வரும் என்று தெரியாது. அத்தனையும் நைட்ரஜன், அத்தனையும் தண்ணீர், வெளியே சருகெல்லாம் ஊறிக் கிடக்கிறது. பரணில் இருந்த சாக்குகளை இறக்கினோம். அடியில் ஒரு சாக்கு சருகு, மேலே மாவும் மீனும் மெல்லிசாகப் பரப்பி, மறுபடி சருகு, கிடைத்த மரத்தூள், பிரித்துப் போட்ட அட்டைப்பெட்டி என்று அடுக்கிக்கொண்டே போனோம். சொல்தா தாத்தா பழைய பிரெஞ்சுப் பத்திரிகைக் கட்டைக் கொண்டுவந்து கிழித்துப் போட்டார், வழவழப்புத் தாளை மட்டும் ஒதுக்கிவிட்டார். அந்த அடுக்கு மூன்றாம் நாள் 60 டிகிரிக்குப் போனது. தெருமுனையில் மாவு வாடை குடலைப் புரட்டியது, எங்கள் பின்பக்கத்தில் அப்படி இல்லை. புயலில் முறிந்த கிளைகளின் இலையைச் சேர்க்கலாமா என்று பலர் கேட்டார்கள். பச்சை இலையும் நைட்ரஜன்தான், காயும்வரை அது சருகுக் கணக்கில் சேராது.

ஒரு தொட்டி நிரம்ப ஒன்றரை மாதம், புரட்டி ஆறி முடிய இன்னும் இரண்டு, மூன்று மாதம். முடிந்ததா என்று பார்க்க, ஒரு பிடியை நனைத்து உறையில் கட்டி வைத்துச் சில நாள் கழித்துத் திறந்து மோந்து பாருங்கள். மண் வாசனை வந்தால் சரி, புளித்த வாடை வந்தால் இன்னும் ஆற வேண்டும். இல்லையென்றால் வெந்தயத்தை அதில் விதைத்துப் பாருங்கள், முளை கருகாமல் வர வேண்டும். சலிப்பதற்குக் கொத்தனார் மணல் சலிக்கும் சல்லடையே போதும். சல்லடையில் அதிகம் சிக்குவது பூச்சரத்து நூல். வாழைநாரில் கட்டிய சரம் இருந்த இடம் தெரியாமல் போய்விடுகிறது, நைலான் நூலில் கட்டியது மட்டும் அப்படியே பந்தாக வருகிறது. இப்போது எங்கள் வாசலுக்கு வரும் பூக்காரம்மா எங்களுக்கென்று நாரிலேயே கட்டித் தருகிறார். பழத்தில் ஒட்டிய ஸ்டிக்கர், மாங்கொட்டை, முட்டை ஓடு ஆகியவை அடுத்த இடம். கொட்டையும் ஓடும் திரும்ப முதல் தொட்டிக்குப் போகும், மக்கும்வரை போய்க்கொண்டே இருக்கட்டும்.

சலித்த உரம் போட்ட கழிவின் எடையில் நாலில் ஒரு பங்குகூட இருக்காது. மாடித் தோட்டக்காரர்கள் ஒரு பங்கு உரம், இரண்டு பங்கு செம்மண் என்று கலக்கிறார்கள். வெறும் உரத்தில் செடி வைக்காதீர்கள், தண்ணீரை இழுத்து நிறுத்திவிடும். முதல் மூட்டையை அக்கா வீட்டு அவரைப் பந்தலுக்குக் கொடுத்தோம், அது அவர் கையால் ஆனது.

தேங்காய் ஓடும் இளநீர்க் கூடும் இன்னும் வழிக்கு வரவில்லை. நறுக்க ஆள் வேண்டும், அல்லது பொடிக்கும் இயந்திரத்துக்கு ஓடுகிற அளவு சேர வேண்டும். எங்கள் ஒரு அபார்ட்மெண்டுக்கு அது கட்டாது. எதிர்வரிசை அபார்ட்மெண்டில் தொட்டி கட்டப் போகிறோம் என்று வந்து கேட்டார்கள், இரண்டு பேரும் சேர்ந்தால் இயந்திரம் வாடகைக்கு எடுக்கலாம் என்று பேசியிருக்கிறோம். அவர்களுக்குத் தொட்டியின் அளவும் பாதி மக்கிய உரம் இரண்டு கூடையும் தருவதாகச் சொன்னேன். கொத்தனாரைக் கூப்பிடுவதற்கு முன்னால் மாசி வரட்டும், கூண்டை நிறுத்துங்கள், தெருவின் அந்தப் பாதிச் சருகு உங்களுக்கு, இந்தப் பாதி எங்களுக்கு என்று பிரித்துக்கொண்டோம்.